பிரிக்காத அட்டைப்பெட்டி

வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கேள்வியின் சாரம் இது. வயது முப்பத்துநான்கு. பெருநகரத்துக்கு வந்து பதினோரு வருடம். வேலை இருக்கிறது, சம்பளத்தில் குறையில்லை, இதுதான் கஷ்டம் என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. அலுவலகம் போக ஒரு மணி பத்து நிமிடம், திரும்பி வர அதே அளவு. கூட வந்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நெஞ்சில் ஏதோ கனக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல், போயே இராத சின்ன ஊர்களில் வீட்டு வாடகை எவ்வளவு என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். “ஊரைக் காலி செய்துவிடலாமா, இல்லை எனக்குத்தான் ஏதாவது கோளாறா?”

கோளாறு இல்லை. காலி செய்யலாமா என்பதற்கு இன்றைக்கே பதில் தேட வேண்டியதும் இல்லை. நான் பல வருடமாக ஆலோசனை வேலையில் இருக்கிறவன். முப்பதுகளில் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் “இந்த ஊரே பிடிக்கலை” என்பதுதான். அரைமணி நேரம் பேசவிட்டால் அதற்குள் மூன்று சங்கதிகள் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடப்பது தெரியும். ஒன்று வயது. இன்னொன்று நகரம். மூன்றாவதை யாரும் தானாகச் சொல்வதில்லை: இருப்பதா போவதா என்று தீர்மானிக்காமலே வருடக்கணக்கில் காலம் தள்ளுவது. வலியில் பெரும்பங்கு இந்த மூன்றாவதுடையது என்பது நான் பார்த்தவரையில் என் கணிப்பு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வயதை முதலில் பார்த்துவிடலாம். ‘நடுவயது நெருக்கடி’ என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு ஐம்பது வயதில் திடீரென்று மோட்டார் பைக் வாங்குகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தச் சொல்லை 1965-இல் ஒரு கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உளவியலாளர் எலியட் ஜாக்ஸ் குறிப்பிட்டது 35 வயதை ஒட்டிய காலத்தை. கலைஞர்களின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவருக்கு, அந்த வயதுவாக்கில் பலருக்கும் ஒரு முறிவோ திருப்பமோ வந்திருப்பது கண்ணில் பட்டது. இனிமேல் எல்லாமே ஆகிவிட முடியாது, சிலதுதான் ஆக முடியும் என்று புரிகிற வயது அது. இருபத்துநான்கில் நீங்கள் எதுவாகவும் ஆகியிருக்கலாம். முப்பத்துநான்கில் ஏதோ ஒன்றாக ஆகிவிட்டீர்கள். அந்த ஒன்று நல்லதாகவே இருந்தாலும் மற்றதெல்லாம் கைவிட்டுப் போன கணக்குதான்.

அப்புறம், பொருளாதார அறிஞர்கள் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆஸ்வால்டும் 2008-இல் பல நாடுகளின் தரவை வைத்து ஒரு வளைவைக் காட்டினார்கள். மனநிறைவு இளமையில் மேலே இருந்து மெல்ல இறங்கி, நாற்பதுகளின் நடுவில் அடிமட்டம் தொட்டு, மறுபடி ஏறுகிறது. 2012-இல் இன்னொரு குழு 508 சிம்பன்சிகளையும் ஒராங்குட்டான்களையும் பற்றி அவற்றைப் பராமரிப்பவர்களிடம் கேட்டபோது அங்கேயும் நடுவயதில் அதே பள்ளம் தென்பட்டது. குரங்குக்கு வீட்டுக்கடன் கிடையாது, மேனேஜர் கிடையாது. அதற்கே இந்த நிலைமை என்றால் உங்கள் சோர்வு முழுவதையும் நகரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. (சமீப வருடங்களில் இளைஞர்களின் மனநிலையே மோசமாகிவிட்டதால் அந்த வளைவின் முன்பாதி தட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று பிளாஞ்ச்ஃபிளவரே இப்போது சொல்கிறார். ஆகவே இதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

வயது சம்பந்தப்பட்ட இன்னொன்றுதான் நகரத்தோடு நேராக மோதுகிறது. இருபதுகளில் நகரம் உங்களுக்குக் கொடுத்ததெல்லாம் ‘முதல் தடவை’கள். முதல் சம்பளம், முதல் சொந்தச் சாவி, நடுராத்திரியில் விளக்கு அணையாத தெருவில் முதல் நடை. அந்த விஷயத்தில் நகரத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் மனது எதற்கும் பழகிவிடும். 1978-இல் உளவியலாளர் பிரிக்மனின் குழு பெரிய லாட்டரி விழுந்த 22 பேரையும் பரிசு விழாத 22 பேரையும் ஒப்பிட்டது. மகிழ்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நண்பரோடு பேசுவது, நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது மாதிரி அன்றாடச் சின்ன விஷயங்களில் பரிசு விழுந்தவர்களுக்கு ருசி குறைந்துபோயிருந்தது. நகரத்தில் பதினோரு வருடம் இருந்தவரும் ஏறக்குறைய அந்த லாட்டரிக்காரர்தான். புதுமையைத் தின்று தின்று நாக்கு மரத்துவிட்டது. இப்போது மனது கேட்பது புதுமையை அல்ல, பழக்கத்தை: தெரிந்த முகம், தெரிந்த திண்ணை, சொல்லாமலே புரிகிற ஆள். அதைக் கொடுக்கத்தான் நகரம் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறது.

சரி, நகரத்துக்கு வருவோம். அதன்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் புதியவை அல்ல. பெர்லின் அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1903-லேயே, சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் எழுதிவிட்டார்: நகரத்தில் ஒரு நாளில் கண்ணிலும் காதிலும் வந்து மோதுகிற சங்கதிகள் அத்தனைக்கும் மனசைக் கொடுத்தால் ஆள் தாங்கமாட்டார், அதனால் நகரவாசி மனசுக்குப் பதில் மூளையை முன்னால் நிறுத்திக்கொள்கிறார், எதிலும் ஒரு ‘என்ன இப்போ’ மனப்பான்மை வந்துவிடுகிறது. 1970-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதையே ‘அளவுக்கு மீறிய சுமை’ என்று விளக்கினார். வருகிற சுமையைக் குறைக்க ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற நேரத்தைச் சுருக்குகிறோம், முகத்தை இறுக்கிக்கொள்கிறோம், நம் வேலையை மட்டும் பார்க்கிறோம். இதெல்லாம் பிழைப்பதற்காகப் போட்டுக்கொண்ட கவசம். கஷ்டம் என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்ற மறந்துவிடுகிறோம்.

ஆனால் ‘நகரம்’ என்று மொத்தமாகத் திட்டினால் எதையும் சரிசெய்ய முடியாது. அதற்குள் எது உங்களைக் கடிக்கிறது? என்னைக் கேட்டால் சந்தேகத்தின் முதல் விரலை அந்த ஒரு மணி பத்து நிமிடத்தின் மேல்தான் நீட்டுவேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 140 நிமிடம். வருடத்தில் 230 வேலை நாள் என்று வைத்தால் 536 மணி நேரம். இரவு பகலாகச் சேர்த்தால் 22 நாள். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 67 நாள். அதாவது வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் நீங்கள் சம்பளமில்லாமல் ஒரு வேலை பார்க்கிறீர்கள். அந்த வேலையின் பெயர் நின்றுகொண்டு போவது.

2004-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் கூட்டாளிகளும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைத் துண்டு துண்டாக நினைவுபடுத்தி, ஒவ்வொன்றிலும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் பட்டியலின் அடியில் கிடந்தது. ஜெர்மனியில் வருடா வருடம் எடுக்கப்படும் ஒரு பெரிய குடும்ப ஆய்வின் தரவை ஸ்டட்சர், ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2008-இல் அலசினார்கள். பொருளாதாரக் கணக்குப்படி பார்த்தால், நீண்ட பயணம் செய்கிறவருக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ ஈடாகக் கிடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஏன் அதைச் செய்யப்போகிறார்? தரவு அப்படிச் சொல்லவில்லை. பயணம் நீள நீள வாழ்க்கைமேல் திருப்தி குறைந்துகொண்டே போனது. ஈடு கிடைக்கவே இல்லை.

ஏன் என்பது எளிது. வீடு பார்க்கப் போகும்போது அறை எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, பால்கனி தெரிகிறது, வாடகை காகிதத்தில் இருக்கிறது. பயணம் எந்தக் காகிதத்திலும் இல்லை. ‘பழகிவிடும்’ என்று ஒரு தலையாட்டலில் தள்ளிவிடுகிறோம். பெரிய வீட்டுக்குச் சீக்கிரமே பழகிவிடுகிறோம், அது உண்மை. நெரிசலுக்குப் பழகுவதில்லை, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி எரிச்சலூட்டுகிறது. இத்தாலிய அறிஞர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதியதன்படி, பழைய கோட்டை நகரங்களில் நடந்துபோன காலத்திலிருந்து கார் காலம் வரைக்கும் மனிதன் ஒரு நாளில் போக வரச் சேர்த்துச் செலவிடும் பயண நேரம் சராசரியாக ஒரு மணியை ஒட்டியே நிற்கிறது. நீங்கள் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஊரை மாற்றுவதற்கு முன்னால் வீட்டை மாற்றிப் பாருங்கள். ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை. இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி, பாதிப் பேர் கேட்டதில்லை. கேட்டவர்களில் யாரும் திரும்ப வந்து என்னைத் திட்டவில்லை.

இரண்டாவது சந்தேகம் ஆட்கள் மேல். ‘இத்தனை லட்சம் பேருக்கு நடுவில் தனியாக இருக்கிறேன்’ என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பிய நாடு ஒன்றில் லட்சக்கணக்கானவர்களின் தொலைபேசி அழைப்புகளை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் தொடர்பு வைத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 25 வயதில் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. எல்லோருக்கும்தான். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குக் குழந்தை, ஒருவர் வேறு கண்டம். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, அதனால் சமாதானம் செய்யவும் வழியில்லை.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் சொன்னது. புதிதாக இடம் மாறியவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் பின்தொடர்ந்து பார்த்தார். அறிமுகம் என்பது சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். இப்போது உங்கள் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நாளைக்குப் பத்து மணி நேரம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திருந்தால் 20 நாளில் 200 மணி ஆகிவிடும். நீங்கள் எதுவும் முயற்சி செய்யவே இல்லை, கட்டடம் செய்தது. நகரத்தில் ஒருவரை மாதம் ஒரு தடவை, தேதி பார்த்து, இரண்டு மணி நேரம் சந்தித்தால் வருடத்துக்கு 24 மணி. அந்த வேகத்தில் நெருங்கிய நட்புக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் வேலை மாறிப் போய்விடுவார். ‘முப்பதுக்கு மேல் உண்மையான நட்பு கிடைக்காது’ என்று சொல்கிறோமே, அதில் உண்மைக்கு என்ன வேலை? மணிக்கணக்குதான் உதைக்கிறது.

ஆகவே ‘சமூக வட்டத்தை விரிவாக்குங்கள்’ என்ற அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புதுப்புது ஆட்களை ஒவ்வொரு தடவை சந்திப்பதால் எந்தக் கணக்கும் ஏறுவதில்லை. ஒரே ஆட்கள், ஒரே இடம், ஒரே கிழமை. வரச் சொல்லி யாரும் கூப்பிட வேண்டாத ஓர் ஏற்பாடு. பூப்பந்து ஆடுவதோ, பாட்டுப் பயிற்சியோ, யாருக்காவது கணக்குச் சொல்லிக்கொடுப்பதோ, எதுவாகவும் இருக்கட்டும். வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால் எட்டு மாதத்தில் 50 மணி ஆகிவிடும். முதல் இரண்டு மாதம் ‘இங்கே எனக்கு என்ன வேலை’ என்றுதான் தோன்றும். பெரும்பாலோர் நின்றுபோவது அங்கேதான், பன்னிரண்டு மணி நேரக் கணக்கில்.

இதற்கு இணையாக, செலவில்லாத இன்னொன்றும் உண்டு. மில்கிராம் 1972-இல் ‘பழக்கமான அந்நியர்’ என்று ஒரு வகையைப் பற்றி எழுதினார். ரயில் நடைமேடையில் தினமும் ஒன்றாக நிற்கும் ஆட்கள். முகம் நன்றாகத் தெரியும், ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். நாலு வருடம், காலை 7.42 வண்டி, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், எப்போதும் மடித்த குடையோடு. ஒருநாள் வலது கையில் மாவுக்கட்டு. குடை இடது கையில் கோணலாகத் தொங்கியது. “என்னாச்சு சார்?” என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தால் நாலு வருடமாக இதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது. நாங்கள் நண்பர்கள் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த நடைமேடை எனக்கு வேறு இடமாகிவிட்டது. 2014-இல் சாண்ட்ஸ்ட்ராம், டன் என்ற இரு உளவியலாளர்கள் காபிக் கடை ஒன்றில் இதைச் சோதித்தார்கள். கடைக்காரரிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லப்பட்டவர்கள், வேலையை முடித்துக்கொண்டு சட்டென்று வரச் சொல்லப்பட்டவர்களைவிட நல்ல மனநிலையோடும் நாமும் இங்கே சேர்ந்தவர் என்ற உணர்வோடும் வெளியே வந்தார்கள். சிம்மெல் சொன்ன அந்தக் கவசத்தில் ஒரு பொத்தானைக் கழற்றுகிற மாதிரிதான் இது.

இனி, ராத்திரியில் நீங்கள் தேடும் அந்தச் சின்ன ஊர். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம் ஆட்கள் ஒரு வரியில் முடித்துவிட்டதை 1998-இல் ஷ்கேட் என்ற ஆய்வாளரும் அதே கானமனும் அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் ஏறக்குறைய 2000 மாணவர்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிகச் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு பக்கமும் நம்பினார்கள். அவரவர் வாழ்க்கையில் அவரவருக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டபோது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னோர் ஊரைக் கற்பனை செய்யும்போது வித்தியாசமாக இருப்பதை மட்டும் பார்க்கிறோம்: வானிலை, அமைதி, வாசலில் மரம். அங்கேயும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி உண்டு, தண்ணீர்க்குழாய் ஒழுகும், மேனேஜரிடமிருந்து மெயில் வரும் என்பதெல்லாம் படத்தில் வராது.

நான் முப்பத்தைந்தில் இதைச் செய்து பார்த்தேன். ஆறு வாரம் ஒரு சிற்றூரில் அறை எடுத்து, விடுமுறை போடாமல், அதே வேலையை அங்கிருந்தே பார்த்தேன். அந்த ஊரின் மிக மோசமான பருவத்தைத் தேர்ந்தெடுத்தேன்; நல்ல பருவத்தில் எந்த ஊரும் சொர்க்கம்தான். கிளம்புமுன் நோட்டில் ஐந்து புகார் எழுதி வைத்திருந்தேன்: சத்தம், தூக்கம், பயணம், தனிமை, வேலையில் சலிப்பு. முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாவது ஞாயிறு சாயங்காலம், சன்னலுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை, நெஞ்சில் அதே கனம் வந்து உட்கார்ந்தது. பெட்டியோடு கூடவே வந்திருந்தது போல. ஆறாவது வாரம் நோட்டைத் திறந்தால், முதல் மூன்றும் காணாமல் போயிருந்தன. நன்றாகத் தூங்கினேன், தினமும் நடந்தேன். தனிமை கூடியிருந்தது. வேலைச் சலிப்பு இம்மியும் மாறவில்லை.

ஆக ஐந்தில் மூன்று நகரத்துடையது. ஒன்று வேலையுடையது. ஒன்று என்னுடையது. அதுவரை ஐந்தையும் ஒரே கோப்பில் கட்டி ‘நகரம்’ என்று தலைப்பு எழுதி வைத்திருந்தேன். உங்கள் விகிதம் வேறாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஐந்துமே நகரத்துடையவை. அவர் போனார், நன்றாக இருக்கிறார், திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சை எழுதாமல் விடை தெரியாது, அவ்வளவுதான். ஆறு வாரம் முடியாதென்றால் மூன்று வாரம். உல்லாசப் பயணமாக மட்டும் போகாதீர்கள்.

தினமும் நடந்தேன் என்று சொன்னதால் ஒரு சின்னக் குறிப்பு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம் செடி உள்ள இடத்தில் கழிப்பவர்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு மணியா, துண்டு துண்டாகவா என்பது முக்கியமாக இல்லை. மரம்தான் காரணமா, நலமாக இருப்பவர்கள்தான் பூங்காவுக்குப் போகிறார்களா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை. இருந்தாலும் 120 நிமிடம் எந்த நகரத்திலும் கிடைக்கும். அதற்காக வேலையை விட வேண்டியதில்லை.

இப்போது மூன்றாவது சங்கதி. என்னிடம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நகரத்துக்கு வந்த மூன்றாம் வருடம் வீடு மாறியபோது கட்டியது. மற்றப் பெட்டிகளின் மேல் ‘சமையலறை’, ‘புத்தகம்’ என்று தடித்த பேனாவில் எழுதியிருந்தேன். அதன்மேல் மட்டும் ‘அப்புறம்’. மூன்று வாடகை வீடு, ஏழு வருடம். பிரிக்கவே இல்லை. எப்படியும் இந்த ஊரில் இருக்கப்போவதில்லையே, எதற்குப் பிரிப்பது? சுவரில் ஆணி அடிக்கவில்லை, அதே காரணம். நல்ல நாற்காலி வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கிளம்பவும் இல்லை. ஏழு வருடம் நான் அந்த ஊரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பு அறை சௌகரியமாக இல்லையே என்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தே வைத்திருப்பது சுதந்திரம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஹார்வர்டில் டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் நடத்தி 2002-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. புகைப்படப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் தாங்கள் எடுத்த படங்களில் இரண்டைப் பெரிதாக அச்சிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சாராரிடம் ‘இதுவே முடிவு’ என்றார்கள். இன்னொரு சாராரிடம் ‘சில நாள் கழித்து வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்’ என்றார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தவர்களுக்குத் தாங்கள் வைத்துக்கொண்ட படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முடிந்துபோனதை மனது ஏற்றுக்கொண்டு அதில் நல்லதைத் தேடத் தொடங்குகிறது. முடியாததை நோண்டிக்கொண்டே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எந்த ஏற்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் கேட்கிறார்கள்.

இன்னொரு ஆய்வு, பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டுடையது. வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று முடிவெடுக்க முடியாமல் ஊசலாடிக்கொண்டிருந்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000-க்கு மேற்பட்ட சுண்டல்கள். ‘மாற்று’ என்று விழுந்தவர்களில் மாற்றியவர்கள் அதிகம். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய தீர்மானங்களில் மாற்றம் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா எழுதாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்கள். நான் எடுத்துக்கொண்டது இதுதான்: அத்தனை நாள் ஊசலாடுகிற அளவுக்கு வந்துவிட்டவர், தள்ளிப்போடுவதன் பக்கம்தான் பெரும்பாலும் சாய்ந்திருப்பார்.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஒரு தேதி வையுங்கள். பதினெட்டு மாதம் கழித்து ஒரு தேதி. அதுவரைக்கும் போவதைப் பற்றிப் பேச்சில்லை, வாடகைத் தேடலும் இல்லை. அந்தப் பதினெட்டு மாதம் இந்த ஊரில் சாகும்வரை இருக்கப்போகிறவர் மாதிரி இருங்கள். ஆணி அடியுங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள், அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பாருங்கள். அந்த வாராந்திர ஒன்றரை மணியைத் தொடங்குங்கள். நடுவில் ஒருமுறை, அந்த மூன்று வாரப் பரீட்சை. தேதி வந்ததும் உட்கார்ந்து தீர்மானம் செய்யுங்கள்; செய்தபின் அதைத் திரும்பத் திறக்காதீர்கள்.

இந்தக் காலத்தில் ஒன்றை மட்டும் செய்யாமல் இருங்கள்: புதிதாக நீண்ட காலக் கடன். சலிப்பில் இருக்கும்போது பெரிய கார், பெரிய வீடு என்று வாங்கத் தோன்றும். கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிடுவீர்கள். தவணை இருபது வருடம் இருக்கும். ‘மாட்டிக்கொண்டேன்’ என்று என்னிடம் சொல்பவர்களில் பலரைக் கட்டிவைத்திருப்பது ஊர் அல்ல, மாதா மாதம் பிடிக்கப்படும் தவணை. மாறாக, ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அது கையில் இருந்தால் இருப்பதும் ஒரு தேர்வாகிவிடும். துணைவரோ, குழந்தையோ, வயதான பெற்றோரோ உங்களை நம்பி இருந்தால் ஐந்து புகார்ப் பட்டியலை அவர்களும் தனித்தனியாக எழுதட்டும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது பல வீடுகளில் ஆச்சரியம் காத்திருக்கும். உங்களைக் கொல்லும் அதே ஊர் அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்த ஊராக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தேதி வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் தாழ்ந்தே இருக்கிறது, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகிறது, தூக்கமோ பசியோ அடியோடு மாறிவிட்டது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது ஊர்ப் பிரச்சினை அல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய் நகரத்தைக் காரணமாகக் காட்டி ஒளிந்துகொள்ளும். ஊர் மாறினாலும் அது குணமாகாது. நீங்கள் எழுதியதில் அந்த அடையாளங்கள் எனக்குத் தென்படவில்லை. ஆனால் எழுதாமல் விட்டதை நான் எப்படி அறிவேன்?

லண்டனில் கிரீனிச் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் ராபின்சன், இருபது முப்பதுகளில் இப்படித் தடுமாறியவர்களைப் பேட்டி கண்டு நாலு கட்டமாகப் பிரித்தார்: உள்ளே பூட்டப்பட்ட உணர்வு, விலகி நிற்றல், துழாவிப் பார்த்தல், மறுபடி கட்டுதல். நீங்கள் முதலாவதில் நிற்கிறீர்கள். அங்கே நிற்பவருக்கு மற்ற மூன்றும் இருப்பதே தெரியாது.

பெட்டியைக் கடைசியில் பிரித்தேன். சிற்றூரிலிருந்து திரும்பிய வாரம், இருப்பது என்று முடிவு செய்து, வேலைக்கு இருபது நிமிடத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து மாறிய அன்று. ஒட்டிய நாடா காய்ந்து, கை வைத்ததும் உதிர்ந்தது. உள்ளே ஒரு மேஜை விளக்கு, இப்போது இல்லாத ஒரு போனின் சார்ஜர், வகுப்புப் படம் ஒன்று, அப்புறம் ஒரு சாவிக்கொத்து. எந்த வீட்டுச் சாவி என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. இதை எழுதும்போதும் அதுதான் எரிந்துகொண்டிருக்கிறது.

இன்று ராத்திரி வாடகை தேடுவதற்குப் பதிலாக ஒரு நோட்டை எடுத்து உங்கள் ஐந்தை எழுதுங்கள். இரண்டு வாரம், தினமும் படுக்குமுன், அன்றைக்கு ஐந்தில் எது கடித்தது என்று ஒரு வரி. பதினான்கு வரி சேர்ந்ததும் எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.